பதினெட்டுப் பேர் செய்த பாவம் என்ன?

தவக்காலம் 3-ஆம் ஞாயிறு (மூன்றாம் ஆண்டு) – வானொலி மறையுரை
வாசகங்கள்: விப 3:1-8, 13-15, 1 கொரி 10:1-6, 10-12, லூக் 13:1-9



மாலை நேரத்தில் சாந்தோம் கடற்கரையிலோ பெசன்ட் நகர் மணலிலோ உட்கார்ந்திருக்கும்போது, கடலுக்கு மேலே ஒரு விமானத்தின் விளக்கு மினுங்கிக்கொண்டு போவதை நாம் பார்க்கிறோம். குழந்தைகள் கையசைப்பார்கள். பெரியவர்களாகிய நாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையிலிருக்கும் சுண்டல் பொட்டலத்திற்குத் திரும்பிவிடுவோம். அந்த விளக்குக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக எங்கோ ஒரு வீட்டில் இரவு உணவு எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

2015-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி மாலை, நம் சென்னையிலிருந்து கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று புறப்பட்டது. இரண்டு எஞ்சின் கொண்ட சிறிய விமானம் அது. அதில் 3 பேர் இருந்தார்கள். தமிழகக் கரையோரமாகவும் பாக் நீரிணைப் பகுதியிலும் சுற்றிக் கண்காணித்துவிட்டுத் திரும்ப வேண்டும். எத்தனையோ நாள் செய்த வேலைதான். இரவு 9 மணியளவில் காரைக்காலுக்கு அப்பால் கடல்மேல் இருந்தபோது கடைசியாகப் பேசினார்கள். சிறிது நேரம் கழித்துத் திருச்சி ராடார் திரையிலிருந்தும் அந்தப் புள்ளி மறைந்தது. அந்த மூவரும் வீடு திரும்பவில்லை.

அன்பிற்குரியவர்களே, இன்றைய நற்செய்தியில் இயேசுவிடம் சிலர் ஒரு துக்கச் செய்தியைக் கொண்டுவருகிறார்கள். ஆலயத்தில் பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த இயேசு, தாமாகவே இன்னொரு செய்தியை எடுக்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த செய்தி அது. முதலாவது, ஒரு மனிதன் செய்த கொலை. இரண்டாவது, ஒரு விபத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் கேட்பது ஒரே கேள்விதான்: இறந்துபோனவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள்? அதற்கு அவரே இல்லை என்று பதிலும் சொல்கிறார். அதோடு நிற்காமல், நீங்கள் மனம் மாறுங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார்.

கோபுரம் ஏன் விழுந்தது, கல் சரியில்லையா, அடித்தளம் சரியில்லையா என்று நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பதை இயேசு தெளிவாகச் சொல்லிவிட்டார். விழுந்தவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்கக்கூடாது.

ஆனால் நாம் அதைத்தான் முதலில் கேட்கிறோம். பிறரைக் குறை சொல்வதற்கு முன், நாங்கள் செய்த ஒன்றை இங்கே அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பங்கில் ஓர் இளைஞர் இறந்தார். தி.நகரில் ஒரு கடையில் வேலை. பண்டிகைக் காலம். இரவு வெகுநேரம் கழித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போது, ஒரு திருப்பத்தில் விழுந்தார். தலையில் அடி. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. துக்க வீட்டில் ஒருவர், "அப்பன் செஞ்ச பாவம் பிள்ளையைப் பிடிச்சுது" என்று முணுமுணுத்தார். இன்னொருவர், "இந்தக் காலத்துப் பசங்க ஓட்டுற வேகத்துக்கு வேறென்ன நடக்கும்" என்றார். அடக்கத் திருப்பலியில் நாங்கள் என்ன சொன்னோம்? கடவுள் தமக்குப் பிடித்த மலரைச் சீக்கிரம் பறித்துக்கொள்கிறார் என்று சொன்னோம். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னோம்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அந்தத் தாய் சக்ரீஸ்து வாசலில் வந்து நின்றார். "ஃபாதர், கடவுளுக்கு அவன் எதுக்கு? அவர்கிட்ட இல்லாத பிள்ளைங்களா? எம் பிள்ளை எப்படி விழுந்தான்னு தெரிஞ்சா போதும். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார்.

குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் படித்த எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. அன்றிரவு ஒன்று மட்டும் உறைத்தது. கடவுளின் பெயரால் நாங்கள் சொன்ன அந்தச் சொல் ஆறுதலாக இல்லை. அந்தத் தாயின் கேள்வியை மூடும் மூடியாக இருந்தது. சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை, வாழ்வோரின் அழிவில் அவர் மகிழ்வதில்லை என்று சாலமோனின் ஞானநூல் போதிக்கிறது. இலாசரின் கல்லறை முன் நம் ஆண்டவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, அழுதார். நாங்கள் அழுவதற்குப் பதிலாக விளக்கம் சொல்லிவிட்டோம்.

இப்போது அந்த டோர்னியர் விமானத்திற்கு வருவோம். மூவர் காணாமற்போன மறுநாளிலிருந்து கடலோரக் காவல்படையின் கப்பல்களும் கடற்படைக் கப்பல்களும் தேடின. விமானங்கள் தேடின. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' ஆய்வுக் கப்பலும் போனது. 'சிந்துத்வஜ்' என்ற நீர்மூழ்கிக் கப்பலும் இறங்கியது.

நீர்மூழ்கி எதைத் தேடியது தெரியுமா? ஓர் ஒலியை. விமானத்தின் பதிவுப் பெட்டியைக் கறுப்புப் பெட்டி என்று சொல்கிறோம். உண்மையில் அதன் நிறம் ஆரஞ்சு. விழுந்த இடத்தில் கண்ணில் படவேண்டும் என்பதற்காக அந்த நிறம். அதோடு ஒரு சிறு ஒலிக்கருவி இணைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அது விழித்துக்கொள்ளும். ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, 'இங்கே இருக்கிறேன்' என்பதுபோல ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். குறைந்தது 30 நாள் அதன் மின்கலம் தாங்கும். ஆனால் அந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயர்ந்த அதிர்வெண் அது. மேலே படகில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடல் அமைதியாகத்தான் இருக்கும். கீழே அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

சிந்துத்வஜின் கருவிகள் அந்த ஒலியைப் பிடித்தன. பிறகு 'ஒலிம்பிக் கேன்யன்' என்ற கப்பலிலிருந்து தொலைவிலிருந்து இயக்கும் கருவியைக் கடலுக்குள் அனுப்பினார்கள். ஜூலை 10-ஆம் தேதி, சிதம்பரம், பிச்சாவரம் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 950 மீட்டர் ஆழத்தில் பதிவுப் பெட்டி கிடைத்தது. நம் சாந்தோம் பேராலயக் கோபுரத்தின் உயரம் 155 அடி. அதுபோல் 20 கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழம். சூரிய ஒளி எட்டாத இருட்டு. அங்கிருந்து விமானத்தின் பாகங்களும், சில எலும்புகளும், ஒரு கைக்கடிகாரமும் மேலே வந்தன.

இன்றைய முதல் வாசகத்தில், ஓரேபு மலையில் எரியும் முட்புதரின் நடுவிலிருந்து ஆண்டவர் மோசேயிடம் தம்மைப் பற்றி என்ன சொல்கிறார்? தம் மக்களின் துன்பத்தைத் தாம் பார்த்ததாகவும், அவர்கள் எழுப்பிய கூக்குரலைக் கேட்டதாகவும், அவர்களை மீட்க இறங்கி வந்ததாகவும் சொல்கிறார். பார்க்கிறார், கேட்கிறார், இறங்கி வருகிறார். எகிப்தில் அந்தக் கூக்குரல் வேறு யார் காதிலும் விழவில்லை. அரண்மனைக்கு அது அமைதியான நாடு. நம் ஆண்டவர், மனிதக் காதுக்கு எட்டாத குரலையும் கேட்டு, இருட்டின் அடிவரை இறங்குகிறவர்.

அப்படியானால், ஒரு மாதத்திற்கும் மேலாகக் கடலைத் துழாவி மூவரின் தடயத்தைத் தேடியவர்கள் செய்தது வெறும் அலுவலக வேலைதானா? அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆயினும் ஆண்டவர் செய்கிற வேலையில் அவர்களுக்கு ஒரு பங்கு இருந்தது என்று சொன்னால் தவறாகாது.

அடுத்த ஆண்டே, 2016 ஜூலை 22 காலையில், தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. அப்போதும் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 சனவரியில், அதே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கிக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவு. ஏழரை ஆண்டு காத்திருப்பது என்றால் என்ன என்பது, கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளுக்குத் தெரியும். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்தின் கரையோரப் பங்குகளுக்கு அது தெரிந்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் பட்டினப்பாக்கத்திற்கும் தெரியும். உடலே இல்லாமல் அடக்கத் திருப்பலி நிறைவேற்றும்போது பீடத்தில் நிற்கிற குருவின் குரலும் உடையும். ஒரு கைக்கடிகாரம் கிடைத்தாலும் அது பெரிது.

ஆனால் தேடுவது துக்கம் தீர்வதற்கு மட்டும் அல்ல. இங்கே இன்றைய இரண்டாம் வாசகத்தைக் கேளுங்கள். பாலைவனத்தில் இஸ்ரயேலர் விழுந்துபோன கதையைப் பவுலடியார் கொரிந்தியருக்கு எடுத்துச் சொல்கிறார். அவர்களை ஏளனம் செய்வதற்காக அல்ல. அவர்களுக்கு நேர்ந்தவை நமக்கு எச்சரிக்கையாகும்படி எழுதிவைக்கப்பட்டன என்கிறார். நிலையாக நிற்பதாக எண்ணுகிறவர் விழாதபடி பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

விமான விபத்தை விசாரிக்கிறவர்களுக்கும் இப்படி ஒரு விதி உண்டு. 1944-இல் சிக்காகோவில் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பில் அது இருக்கிறது. பயணிகள் விமானங்களின் விபத்தை விசாரிக்க நம் நாட்டில் 2012-இல் தொடங்கிய விமான விபத்துப் புலனாய்வுப் பணியகமும் அந்த வழியில்தான் நடக்கிறது. படைகளின் விமானம் என்றால் அந்தப் படையே விசாரணைக் குழுவை அமைக்கும். அந்த விதியின் சாரம் இது: விசாரணையின் ஒரே நோக்கம், இதுபோல் இன்னொன்று நடக்காமல் தடுப்பது. யார் மேல் பழி, யார் மேல் பொறுப்பு என்று பங்கிடுவது இந்த விசாரணையின் வேலை அல்ல. வேண்டுமென்றே தவறு செய்தவனைத் தண்டிக்க நீதிமன்றம் தனியாக இருக்கிறது. நீதி வேண்டாம் என்று நற்செய்தியும் சொல்லவில்லை. ஆனால் உண்மையைக் கண்டுபிடிக்கும் மேசையில் பழிக்கு இடம் கொடுத்தால், உண்மை வாயைத் திறக்காது.

ஏன்? பழி வரும் என்றால் யார் பேசுவார்கள்? திருகாணியைச் சரியாக முடுக்காதவர் சொல்ல மாட்டார். தூங்காமல் வேலைக்கு வந்தவர் சொல்ல மாட்டார். அதனால்தான் விமானி அறையின் ஒலிப்பதிவைக்கூட விசாரணைக்கு வெளியே பரப்பாமல் காக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்வதை எந்தக் குருவும் வெளியே சொல்லக்கூடாது என்று திருச்சபை ஏன் இத்தனை கண்டிப்பாக இருக்கிறது? அச்சமின்றி உண்மை பேசும் ஓர் இடமாவது மனிதனுக்கு வேண்டும். அப்போதுதான் அவன் குணமாவான்.

இந்தப் பதிவுப் பெட்டி எப்படி வந்தது என்ற வரலாற்றையும் கேளுங்கள். 1934-இல் ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியாவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள கடலில் 'மிஸ் ஹோபார்ட்' என்ற விமானம் மறைந்தது. அதில் ஆங்கிலிக்கன் சபையின் மறைப்பணியாளர் ஒருவர் பயணம் செய்தார். அவருடைய மகன் டேவிட் வாரனுக்கு அப்போது 9 வயது. தந்தை கடைசியாக மகனுக்குக் கொடுத்த பரிசு ஒரு சிறிய வானொலிப் பெட்டி. வானொலியில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அந்தப் பையனை நினைத்துப் பார்ப்பது கடினம் அல்ல. அதைப் பிரித்தும் பூட்டியும் மின்னணுக் கருவிகளில் அவனுக்கு ஆசை வந்தது. வளர்ந்து விஞ்ஞானியானார்.

1952-இல் 'காமெட்' என்ற புதுமையான ஜெட் விமானம் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, நம் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஒரு காமெட் புயலில் சிக்கிச் சிதறியது. 43 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளைப் பற்றிய கலந்தாய்வில் உட்கார்ந்திருந்தபோதுதான் டேவிட் வாரனுக்கு, விமானி அறையில் கடைசியாக என்ன பேசினார்கள் என்பது பதிவாகியிருந்தால் எவ்வளவு தெளிவு கிடைத்திருக்கும் என்று தோன்றியது. முதலில் அவர் சொன்னதை அவருடைய நாட்டிலேயே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அப்படி ஒரு பதிவுக் கருவி இல்லாமல் எந்தப் பயணிகள் ஜெட் விமானமும் பறப்பதில்லை. தந்தையின் விமானம் கடலில் கிடைக்கவே இல்லை. மகன் செய்த கருவியோ, எத்தனையோ பேரின் தந்தையரைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருக்கிறது.

காமெட் விமானங்கள் 1954-இல் மேலும் இரண்டு விழுந்தன. இங்கிலாந்தில் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்கு உண்டாகும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் அது பிளந்தது. காரணம், உலோகச் சோர்வு. ஒவ்வொரு பயணத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிந்து சுருங்கி, ஒரு மூலையில் மயிரிழைபோல் விரிசல் விட்டு, அது மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. புயல் அடித்த நாளில் உண்டான பழுது அல்ல அது. நல்ல வெயில் நாட்களிலேயே தொடங்கிவிட்டது.

அன்பிற்குரியவர்களே, நம் வாழ்விலும் பாவம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. குடும்பம் உடைந்த நாளை மட்டும் பார்த்து, அன்று யார் கத்தினார்கள், யார் கை ஓங்கினார்கள் என்று கணக்குப் பார்க்கிறோம். விரிசல் எப்போது விழுந்தது? சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்ற நாளிலா? செல்பேசியைப் பார்த்துக்கொண்டே மனைவிக்குப் பதில் சொன்ன நாளிலா? முதல் கடனை மறைத்த நாளிலா? தவக்காலத்தில் ஆன்ம சோதனை செய்யச் சொல்கிறோமே, அது நம் பதிவுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான். நம்மையே சபித்துக்கொள்வதற்காக அல்ல, இனி எங்கே கவனம் வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

விபத்துகளை ஆய்கிறவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் ஒன்று அல்ல. கீற்றுக் கூரையை எண்ணிப் பாருங்கள். ஒரு கீற்றில் ஓட்டை இருந்தால் ஒழுகாது. அடுத்த கீற்று தடுக்கும். எல்லாக் கீற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்தால்தான் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே கடைசிக் கீற்றை மட்டும் பழிப்பதில் பொருளில்லை. எந்த ஒரு கீற்றை மாற்றியிருந்தாலும் வீடு நனைந்திருக்காது.

அந்தத் தாயிடம் திரும்புவோம். அவர் கேட்ட பிறகு, பங்கின் இளைஞர் குழுவினர் நான்கு பேரோடும் அந்த அம்மாவோடும் நாங்கள் அந்தத் திருப்பத்திற்குப் போனோம். அதுவும் இரவில், அதே நேரத்தில். தெருவிளக்கு எரியவில்லை. கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் சாலையில் பரவிக் கிடந்தது. கடை நண்பர்களைக் கேட்டபோது, அந்த வாரம் முழுவதும் அவர் இரண்டு ஷிப்ட் பார்த்தார், சரியாகத் தூங்கவில்லை என்றார்கள். தலைக்கவசம் போட்டிருந்தார், ஆனால் தாடைக்குக் கீழே வாரைப் பூட்டவில்லை. விழுந்தபோது அது கழன்று தனியாக உருண்டிருக்கிறது. வேகம் ஒரு காரணமாக இருந்ததாக யாருமே சொல்லவில்லை.

விளக்கு, மணல், தூக்கம், வார். நான்கு கீற்றுகளிலும் ஒரே இரவில் ஓட்டை. அந்த அம்மா நடைமேடை ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் தப்பு மட்டும் இல்ல, ஃபாதர்" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் முப்பது நாளாகக் காத்திருந்தார் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்த மாதம் முழுவதும் மனு எழுதிக்கொண்டு அலைந்தார். விளக்கு எரிந்தது.

இன்றும் ஞாயிறு திருப்பலி முடிந்து இளைஞர்கள் வண்டியை எடுக்கும்போது, அவர் ஆலய வாசலில் நிற்பார். ஒவ்வொருவரையும் பார்த்து, "வாரைப் பூட்டுனியாப்பா?" என்பார். பூட்டாதவன் பூட்டாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. நாங்கள் பீடத்திலிருந்து அரை மணி நேரம் பேசுவதைவிட அந்த ஒரு கேள்வி அதிகம் செய்கிறது.

நற்செய்தியின் முடிவில் ஆண்டவர் ஓர் அத்திமரத்தைக் காட்டுகிறார். மூன்று ஆண்டாகக் காய்க்கவில்லை. வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். அவருக்குப் பழி ஒன்று கிடைத்துவிட்டது, மரம் சரியில்லை. தோட்டக்காரர் ஓராண்டு தவணை கேட்கிறார். மரம் சும்மா நிற்கட்டும் என்று அவர் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்துவேன், எரு போடுவேன் என்கிறார். கொத்துவது என்றால், மண்ணைத் திறந்து வேரில் என்ன குறை என்று பார்ப்பது. எரு போடுவது என்றால், கண்ட குறையைச் சரிசெய்வது. நமக்குக் கிடைத்திருக்கும் இந்தத் தவக்காலம் அந்த ஓராண்டுத் தவணையின் ஒரு பகுதி.

2025-ஆம் ஆண்டு சனவரி 5 அன்றுகூட, குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தார்கள். உடனே அந்த வகை ஹெலிகாப்டர்கள் பறப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடத் தொடங்கினார்கள். போன மூவரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அடுத்த மூவரைக் காக்கலாம். மனம் மாறுங்கள், இல்லையேல் நீங்களும் அவ்வாறே அழிவீர்கள் என்ற பொருளில் ஆண்டவர் சொல்வதை அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விபத்தைக் கண்டவர் பின்னால் வருகிறவர்களுக்குக் கையசைத்து, நில், பாதையைப் பார் என்று சொல்லும் அன்பு அது.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். துக்க வீட்டுக்குப் போகும்போது, 'என்ன பாவமோ' என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவோம். வேறு சொல் வராவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். வீட்டில் ஒரு தவறு நடந்தால், 'யாரால்?' என்று கேட்பதற்கு முன் 'எப்படி?' என்று கேட்போம். பிள்ளைகள் அப்போது உண்மையைச் சொல்வார்கள். பாஸ்காவுக்கு முன் ஒருநாள் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வருவோம். அங்கே நம்மைக் கேட்பவர் ஆழத்தில் கிடக்கும் குரலையும் கேட்கிறவர்.

மயிலாப்பூரில் லஸ் பிரகாச மாதா ஆலயத்தின் மரபு நம் அனைவருக்கும் தெரியும். கடலில் வழிதவறிய போர்ச்சுகீசிய மாலுமிகள் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்பற்றிக் கரை சேர்ந்தார்கள். அந்த ஒளி மறைந்த இடத்தில் மாதாவுக்கு ஆலயம் கட்டினார்கள் என்பார்கள். தாங்கள் பிழைத்ததோடு அவர்கள் போய்விடவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு அந்த இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு விபத்திலிருந்தும் நாம் கண்டெடுக்கும் உண்மை, அப்படி ஏற்றிவைக்கும் ஒரு விளக்கு.

செபிப்போம். கூக்குரலைக் கேட்கிற ஆண்டவரே, 2015 ஜூன் 8 இரவு கடலில் மறைந்த அந்த மூவரையும், வானிலும் கடலிலும் சாலையிலும் உயிர் நீத்த அனைவரையும் உமது அமைதியில் சேர்த்தருளும். காத்திருக்கும் வீடுகளுக்குத் துணையாயிரும். ஆழத்தில் இறங்கித் தேடுகிறவர்களின் கைகளை உறுதிப்படுத்தும். விழுந்தவரைப் பழிக்காத நாவையும், வருகிறவரைக் காக்கும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.